மாப்பிள்ளை போட்ட மோட்டார்

மாமனார் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மருமகனுக்குத்தான் மரியாதை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாற்றங்காலே தேவைப்பட்டது.

கல்யாணமான புதிது. சென்னையில் எனக்குக் கணினி வேலை. ஒரத்தநாட்டுப் பக்கம் மாமனார் வீடு. மாமா குறுவைக்கு விதைவிடத் தயாராகிக்கொண்டிருந்தார். மின்சாரம் வரும்போதெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மோட்டார் கொட்டகைக்கு வரப்பில் ஓடுவார். பார்க்கப் பாவமாக இருந்தது. (உண்மையைச் சொன்னால், என்னிடம் பாவத்தைவிடப் பந்தாதான் அதிகம்.)

"இனிமே ஓட வேணாம் மாமா. போன்லயே மோட்டாரப் போடலாம்" என்றேன்.

என் பையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி இருந்தது. அதை ஸ்டார்ட்டரோடு இணைத்து வைஃபை கொடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது. சனிக்கிழமை காலையில் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். ம்ஹூம், வைஃபை அசையவே இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் புரிந்தது: எந்த நாட்டில் இருக்கிறோம் என்று சொல்லாதவரை அது வைஃபையை அவிழ்த்துவிடாதாம்.

"நாடு கேக்குது மாமா."

"ஒரத்தநாடுன்னு போடுங்க மாப்ள."

இந்தியா என்று போட்டேன். சரி, வயல்காட்டில் வைஃபைக்கு எங்கே போவது? என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் கணினிக்குக் கொடுத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. போனைத் தொட்டேன், மோட்டார் ஓடியது. மறுபடி தொட்டேன், நின்றது.

"கெட்டிக்காரர்தான் மாப்ள நீங்க!" என்றார் மாமா. (வைஃபை என் சட்டைப் பையில் இருப்பது அந்தக் கெட்டிக்காரனுக்கு உறைக்கவில்லை.)

அன்று சாயங்காலம் முளைகட்டிய விதையைத் தெளித்தார்கள். மறுநாள் பேராவூரணியில் சொந்தக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் காரில் கிளம்பினோம்.

"லேசாத் தண்ணி காட்டணுமே. ரொம்ப நின்னா வெத மெதந்துடும்" என்று மாமா தயங்கினார்.

"போட்டுட்டுப் போவோம் மாமா. போற வழியில நிறுத்திடுறேன்."

கொட்டகைப் பக்கம் காரை நிறுத்தி, மோட்டாரைப் போட்டுவிட்டுப் புறப்பட்டோம். கொஞ்ச தூரம் போய் நிறுத்தத் தொட்டேன். 'இணைப்பு இல்லை' என்றது போன். திரும்பத் தொட்டேன். கோயிலில் பூசை நடக்கும்போது தொட்டேன். எல்லோரும் முழங்காலில் இருந்தபோதும் தொட்டேன். பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மா நான் ஜெபமாலை உருட்டுவதாக நினைத்திருப்பார். அன்றைக்கென்று பார்த்து மின்சாரமும் போகவில்லை.

பந்தியில் பிரியாணி விழுந்தபோது மாமா கேட்டார்: "மோட்டார நிறுத்திட்டீங்கல்ல?"

"நிறுத்திக்கிட்டே இருக்கேன் மாமா."

என் மனைவி ஜெனிட்டா நிமிர்ந்தாள். "ஏங்க, ஹாட்ஸ்பாட்டு உங்க போன்லதானே இருக்கு? போன் இங்க இருக்கு. அப்ப அங்க ஏது வைஃபை?"

கடிக்க எடுத்த எலும்பை இலையிலேயே வைத்தேன். கொட்டகைச் சாவியோ மாமாவின் இடுப்பில்; ஊரில் யாரையும் விட்டு நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. வாய் வைக்காத பிரியாணியோடு அவர் இலையை மூடினார். மனுஷன் முந்தின நாளிலிருந்து அந்தப் பிரியாணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்.

திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றதும் என் போனுக்கு உயிர் வந்தது. தொட்டேன், மோட்டார் சமர்த்தாக நின்றது.

"இவ்வளவு கிட்ட வந்துட்டா சுவிட்சையே தட்டலாமே மாப்ள" என்றார் மாமா.

நாற்றங்கால் குளமாகியிருந்தது. விதையெல்லாம் மிதந்து மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே. மாமா வாய்க்காலை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெத கெடக்கு, நாளைக்கே ஊறவச்சுக்கலாம். பிரியாணி போச்சே மாப்ள!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சே வந்தது. மறுநாள் ஊறவைத்த விதை நன்றாகவே முளைத்தது, குறுவையும் மோசமில்லை.

எல்லா மாமனார்களும் மருமகன் ஊருக்குக் கிளம்பும்போது, "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்களா மாப்ள?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இல்லை. என் கார் கிளம்புகிற சத்தம் கேட்டால் போதும், மாமா வாசலுக்கு ஓடி வருவார்.

"எதையும் போட்டுட்டுப் போகலையே மாப்ள?"