இனி அனுப்பலாம்

மூன்றாவது தடவை படித்தும் ஒரு தப்புகூட அகப்படவில்லை. ஹெட்கிளார்க்குக்கு வியர்த்துவிட்டது.

ஒரே பக்கம். இங்கிலீஷில் டைப் அடித்த மொட்டைக் கடிதம். முழுக்க முழுக்க அவர்மேல் புகார். தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஜெனரல் மேனேஜரிடம் திரும்பி வந்து, இப்போது ஹெட்கிளார்க் கையிலேயே இருந்தது.

"இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா?" என்று கேட்டார் ஜெனரல் மேனேஜர்.

"எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க பாருங்க சார். ஒரு கமா இடம் மாறல."

"நான் அதைக் கேக்கல."

"நம்ம ஆபீஸ்ல இப்படி எழுத ஆளே கிடையாது சார். இது வெளியாள் வேலை."

ஜெனரல் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. உங்களை ஆபீஸ் மேனேஜராப் போட்ட ஆர்டர் என் டிராயர்லதான் தூங்குது. விசாரணை நல்லபடியா முடிஞ்சா எடுத்துக் கொடுக்கிறேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு சும்மா இருங்க."

சும்மா இருப்பது ஒன்றுதான் ஹெட்கிளார்க்குக்கு வராது.

அந்த ஆர்டருக்காக அவர் பதினோரு வருஷம் காத்திருந்தார். அந்தச் சரக்குக் கிடங்குக் கம்பெனியில் எந்தக் கடிதமும் அவர் மேஜைக்கு வராமல் வாசல் தாண்டியதில்லை. லாரி ஆபீசுக்கு எழுதும் இரண்டு வரியானாலும் சரிதான். யாராவது 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிட்டால் 'அபவுட்' தலையில் சிவப்புக் கோடு விழும். 'ரிட்டர்ன் பேக்' என்றால் 'பேக்' காலி. கோடு போட்டால் மட்டும் போதுமா? எழுதியவரைக் கூப்பிட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டுவார். அப்போதுதான் மனதில் பதியுமாம். ஆபீசில் அவருக்கு 'ரெட் இங்க்' என்று பெயர். அது தமக்குக் கிடைத்த பட்டம் என்றே அவர் நினைத்திருந்தார்.

திருத்துவதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார். ஸ்கேலை வைத்து மற்ற வரிகளை மறைத்துக்கொண்டு, கடைசி வாக்கியத்தில் தொடங்கி மேலே மேலே ஏறுவார். மேலிருந்து படித்தால் அர்த்தம் குறுக்கே வந்து கண்ணை ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. திருத்தி முடித்ததும் கீழே 'இனி அனுப்பலாம்' என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடுவார். அட்டெண்டர் தம் தெருக்காரர்களுக்காகக் கொண்டுவரும் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்கிற இங்கிலீஷ் மனுக்களுக்கும் இதே மரியாதைதான். புண்ணியத்துக்குத் திருத்திக் கொடுப்பார்.

புதன்கிழமை காலை ஊழியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"ஆபீஸ் ரெக்கார்டுக்கு வேணும். 'இந்த அலுவலகத்தில் எனக்குப் பிடித்தது.' இங்கிலீஷ்ல பத்து வரி."

"எதுக்கு சார் திடீர்னு?" என்றாள் டைப்பிஸ்ட்.

"எழுதும்மா. கேள்வி எல்லாம் அப்புறம்."

ஸ்டோர் கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிடிச்சது எதுவும் இல்லேன்னா சார்?"

"அதையாவது தப்பில்லாம எழுதுங்க."

மத்தியானத்துக்குள் எல்லாத் தாளும் வந்து சேர்ந்தது. டைப்பிஸ்ட் பத்தொன்பது தப்பு. ஸ்டோர் கிளார்க் முப்பத்தொன்று. டெலிபோன் ஆபரேட்டர் அம்மாள் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார். தமக்குப் பிடித்தது சாயங்காலம் ஐந்தரை மணி என்று. அதிலும் இரண்டு தப்பு. ஆக, எழுதியவர் இவர்களில் யாருமில்லை. ஹெட்கிளார்க்குக்கு நிம்மதியாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் சிவப்பு மையால் சுழித்து, எத்தனை தப்பு என்று தலையில் எழுதி, எல்லாத் தாளையும் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார்.

மறுநாள் ஆபீசில் யாரும் அவரிடம் பேசவில்லை. பேசியவர் ஜெனரல் மேனேஜர் ஒருவர்தான்.

"விசாரணை நடக்கிற வாரத்துல பரீட்சை வச்சு மார்க் ஷீட் ஒட்டியிருக்கீங்களாமே?"

"ஆதாரம் சார். நாளைக்கு அந்தம்மாகிட்ட காட்டலாம்."

"யாருக்கு ஆதாரம்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அந்தக் கேள்வி ஹெட்கிளார்க்குக்குப் புரியவில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. தப்பில்லாமல் எழுதக்கூடியவள் ஒருத்தி இருக்கிறாள். அவர் கையாலேயே தயாரானவள். தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள்முன் கடிதத்தை நீட்டினார்.

"இது உன் வேலையா?"

மகள் நின்றபடியே படித்தாள். அவர் படிக்கிற மாதிரி இல்லை, மேலிருந்து கீழே.

"அந்த டெலிபோன் அம்மா விஷயம் நெசமாப்பா?"

"நீ எழுதினியா, அதைச் சொல்லு."

"ஒரே பக்கத்துல முடிச்சிருக்காங்க. நான் எழுதியிருந்தா ஒரு குயர் நோட்டு வாங்கியிருப்பேன்."

"ஏன்? உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

அவள் உள்ளே போய் ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்தாள். ஒன்பது வயதில் அப்பாவின் பிறந்தநாளுக்குச் செய்து கொடுத்தது. நடுவில் கிரேயானில் ஒரு பூ. பூவைச் சுற்றி எழுதிய இங்கிலீஷ் வாழ்த்தில் நான்கு சிவப்பு வட்டங்கள். கீழே தேதி, கையெழுத்து.

"தப்பு தப்புதானேம்மா?" என்றார் அவர்.

"ஆமாப்பா, தப்பு தப்புதான்," என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "சாப்பாடு மேஜைமேல இருக்கு," என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவரிடம் பேசப்பட்ட கடைசி வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். காலண்டர்கூட இல்லாத அறை, நீள மேஜை, ஒரு பக்கம் ஊழியர்கள், எதிரே ஹெட்கிளார்க் தனியாக. அறிவிப்புப் பலகையிலிருந்து பிடுங்கிய தாள்களை அவர் ஃபைலில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"புகார்ல இருக்கிறது உண்மையா?" என்றார் அதிகாரி.

"மேடம், இதை இவங்க யாரும் எழுதியிருக்க முடியாது. நிரூபிக்கிறேன், பாருங்க."

ஒவ்வொரு தாளாக எடுத்து ஒவ்வொரு தப்பாக வாசித்தார். எழுதியவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர் கிளார்க்கின் இருபதாவது தப்பில் டைப்பிஸ்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊழியர்களைப் பலர்முன் அவமதிக்கிறார் என்பது புகாரின் இரண்டாவது பத்தி. அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

"போதும். டெலிபோன் ஆபரேட்டரோட லீவ் லெட்டரை மூணு தடவை திருப்பிக் கொடுத்தீங்களா?"

"ஆமா மேடம்." இதில் அவருக்குப் பெருமையே இருந்தது. "'மை மதர் ஈஸ் எக்ஸ்பைர்ட்'னு எழுதியிருந்தாங்க. எக்ஸ்பைர் ஆறது லைசென்ஸ், மருந்து. அம்மா எப்படி ஆவாங்க? நாலாவது தடவை சரியா எழுதினாங்க. எழுதின நிமிஷமே சாங்ஷன் பண்ணினேன்."

"அதுக்குள்ள பஸ் போயிடுச்சு சார்," என்றார் ஆபரேட்டர் அம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. "அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. நான் முகத்தைப் பாக்கல."

ஹெட்கிளார்க் முதல்முறையாக அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தார். பார்க்க முடியாமல் கடிதத்தைப் பார்த்தார். அதுதான் அவருக்குப் பழகிய இடம்.

"நான் செஞ்சது தப்பாவே இருக்கட்டும் மேடம். ஆனா இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அது எனக்குத் தேவையில்ல," என்று அதிகாரி ஃபைலை மூடினார். ஜெனரல் மேனேஜர் எழுந்தார். டிராயரில் தூங்கிய ஆர்டர் இனி எழுந்திருக்காது என்பது அவர் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"எனக்குத் தேவை! என் வேலையே போகட்டும், அந்த ஆள் யாருன்னு சொல்லுங்க!"

காலி டம்ளர்களைப் பொறுக்க உள்ளே வந்த அட்டெண்டர், தட்டை ஓரமாக வைத்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து ஹெட்கிளார்க் முன்னால் வைத்தார்.

"நாங்க எல்லாரும் சேர்ந்துதான் சார் எழுதினோம். இது கைப்பிரதி. போன மாசம் எங்க தெருக்காரர் மனுன்னு சொல்லி உங்ககிட்ட கொண்டுவந்தேனே, அது."

ஹெட்கிளார்க் வழக்கம்போல அடியிலிருந்து பார்த்தார். 'இனி அனுப்பலாம்.' தேதி. அவர் கையெழுத்து. அதற்கு மேலே, வரிக்கு வரி, பதினேழு சிவப்பு வட்டங்கள்.

"உங்க கையெழுத்து இல்லாம," என்றார் அட்டெண்டர், டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "இந்த ஆபீஸ்லேர்ந்து எந்தக் காகிதம் சார் வெளியே போயிருக்கு?"