மாமரத்துக்கு ஜாமீன்

"பத்து வருஷமா ஒரு பிஞ்சு உண்டா? இன்னைக்கு உன்னை வெட்டாம விடமாட்டேன்!"

நல்லதம்பி மாமரத்தின் முன் அரிவாளை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. காய்க்காத மரத்தை ஒருவர் மிரட்ட வேண்டும். இன்னொருவர் ஓடி வந்து, "விட்டுடுங்க, அடுத்த வருஷம் காய்ச்சிடும்" என்று கெஞ்ச வேண்டும். அப்போதுதான் மரத்துக்கு ரோஷம் வரும். கெஞ்சத்தான் ஆளைக் காணோம்.

"மலரு, வந்து தடுயேன்!"

"நான் எதுக்குத் தடுக்கணும்? வெட்ட ஆள் சொன்னதே நான்தானே," என்றாள் சமையலறையிலிருந்து மனைவி மலர்க்கொடி. "பத்து மணிக்கு லால்குடி காத்தமுத்து ரம்பத்தோட வரான். மன்னார்புரத்துல ரோட்டோரம் கார் நிறுத்த எடம் இருக்கா? மரம் நிக்கிற எடத்துல காராவது நிக்கட்டும்."

மணி ஒன்பதே முக்கால். நல்லதம்பிக்குப் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. நாள் முழுக்க டிரைவரும் கண்டக்டரும் மாற்றி மாற்றிக் கத்துவார்கள். காலையில் கத்தரியோடு மரத்தைச் சுற்றி வந்து, கிளை கிளையாகப் பார்த்து, எட்டாததற்கு ஏணி போட்டு நறுக்கினால்தான் அவருக்கு ரத்தக்கொதிப்பு அடங்கும். இந்த மரம் போனால் அவரும் போனார்.

மதிலுக்கு அப்பால் ஜமீல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பாய், நான் வெட்டுவேன்னு கத்துவேன். நீங்க வேணாம்னு சொல்லுங்க."

"சரிங்க சார்."

நல்லதம்பி தொண்டை கிழியக் கத்தினார். ஜமீல் வாயைத் திறந்து, மூடி, தலையைச் சொறிந்தார்.

"பொய் சொல்ல வரலை சார். எலை பூரா எங்க மாடியிலதான் விழுது. வெட்டிடுங்க. கோடாலி வேணுமா?"

மரத்தின் காதுபடவே சொல்லிவிட்டார் மனுஷன்! நல்லதம்பி வாசலுக்கு ஓடி, கீரைக்கூடையோடு போன பொன்னுத்தாயை மறித்தார்.

"மரத்தை வெட்டாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா!"

"வெட்டறீங்களா? தழையை யாருக்கும் குடுத்துடாதீங்க சார், என் ஆட்டுக்கு ஆகும்!" என்று அவள் சாக்கு எடுக்க ஓடினாள்.

கேட் கிறீச்சிட்டது. ரம்பமும் கயிறுமாகக் காத்தமுத்து வந்து நின்றான்.

நல்லதம்பி அரிவாளைப் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் கத்தரியை எடுத்தார். தளதளவென்று நீட்டிக்கொண்டிருந்த கொழுந்துகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். ரத்தக்கொதிப்பு கொஞ்சம் அடங்கியது. கண் மட்டும் கலங்கியது.

"நீயாவது வேணாம்னு சொல்லுப்பா."

காத்தமுத்து ஒரு கிளையை வளைத்து அதன் நுனியைப் பார்த்தான். இன்னொன்றையும் பார்த்தான்.

"தினமும் இப்படித்தான் நறுக்குவீங்களா சார்?"

"பத்து வருஷத்துல ஒருநாள் தவறினதில்லை!" என்றார் நல்லதம்பி பெருமையாக.

காத்தமுத்து ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்துக் கைகூப்பினான்.

"அக்கா, மரத்தை விட்டுடுங்க! மாம்பூ கிளை நுனியிலதான் பூக்கும். சார் கையில இருக்கிற கத்தரியைப் புடுங்கிடுங்க, அடுத்த வருஷம் காய்ச்சிடும்!"