நண்டுக் கதைக்கு முன் சில வார்த்தைகள்

யாழ்ப்பாணத்தில் ஆசியுரை, வாழ்த்துரை எதுவும் இல்லாமல் வெளியே வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பல்.

குருநகரில் பாலர் வகுப்பு நடத்தும் ஸ்ரெல்லா ரீச்சருக்கு இந்த ஒழுங்கு தெரியாததல்ல. ஆனால் பிள்ளைகளைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போன அன்று, ஒரு பிள்ளை அழ, எல்லாரும் காத்திருந்த வாங்கு முழுவதும் அழுதது. வேறு வழியில்லாமல், நண்டுக்குப் பக்கவாட்டு நடை வந்த பழங்கதையை எடுத்துவிட்டார். முன்பு நேராக நடந்த நண்டு, திருக்கை மீன் வீட்டுக் கலியாணத்துக்குள் களவாக நுழையப் பார்த்துக் கதவிடுக்கில் நசிந்த கதை. கதவு 'படார்' என்று சாத்தும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் 'ஆ' என்று வாயைத் திறந்தார்கள். பல் டொக்ரர் டிலக்ஷிக்கு வேண்டியதும் அந்த 'ஆ' தான்.

கதையை டிலக்ஷி தன் போனில் பதிந்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு கிளினிக்கில் அழுகை இல்லை. அழுகை நின்றால் மேலிடத்துக்குத் தெரியாமல் போகுமா? சிறுவர் செவிநுகர் கதை மேம்பாட்டு அலகின் இணைப்பாளர் கனிசியஸ் வந்து இறங்கினார்.

"ரீச்சர், கதை அருமை. ஆனா உது இன்னும் வெளியிடப்படேல்லையே."

"பிள்ளையள் கேக்குதுகள்தானே, ஐயா?"

"கேக்குதுகள். உத்தியோகபூர்வமாய்க் கேக்கேல்லை."

ஆகவே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உத்தியோகபூர்வமான வேலை தொடங்கியது. முழுப் பதிவும் கால் மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்பது சுற்றறிக்கை.

"நாலு சமயத்துக்கும் நாலு ஆசியுரை," என்றார் கனிசியஸ். "பிறகு பணிப்பாளரின்ரை வாழ்த்துரை. அவர் பேசினால் பிரதிப் பணிப்பாளரை விடேலுமே? மனவருத்தம் வந்திடும். ஒலிவாங்கி வாங்கித் தந்த ரொறன்ரோ அன்பரும் கட்டாயம்."

"அவர் நண்டைப் பற்றி என்ன பேசப் போறார்?"

"நண்டைப் பற்றி ஆர் பேசினது? தான் ஓடி விளையாடின ஊர் ஒழுங்கையைப் பற்றிப் பேசுவார்."

ஒவ்வோர் உரை ஏறவும் கதையில் ஒவ்வொன்று இறங்கியது. முதலில் கடல் போனது. பிறகு கலியாண விருந்து, அதன் பின்னால் மாப்பிள்ளைத் திருக்கை. கடைசியில் நண்டும் கதவும்தான் மிஞ்சின.

"ரீச்சர், அந்தப் 'படார்' மட்டும் இருக்கட்டும்," என்று டிலக்ஷி போனில் கெஞ்சினார். "எனக்கு அது ஒண்டே காணும்."

"அதை விடமாட்டன், டொக்ரர்."

கடைசி நாள் கனிசியஸ் மகிழ்ச்சியோடு வந்தார். "பாடுபட்டு அரை நிமிசம் மிச்சம் பிடிச்சிருக்கிறன். கதவைப் போடலாம். உங்கடை ஏற்புரைக்குத்தான் இடமில்லை."

"எனக்கு என்னத்துக்கு ஏற்புரை!" என்று ஸ்ரெல்லா ரீச்சர் சிரித்தார். பிறகு அத்தனை உரைகளையும் ஒருமுறை போட்டுக் கேட்டார். எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். அவரைப் பற்றி ஓரிடத்தில், 'உள்ளூர் ஆசிரியை ஒருவர்' என்று இருந்தது.

அந்த இடத்தை இன்னொருமுறை போட்டுக் கேட்டார்.

"கதவு பிள்ளையளுக்குத் தெரிஞ்ச கதவுதானே," என்றார் மெதுவாக. "நான் சுருக்கமாய்ப் பேசுறன்."

வெளியீட்டு விழா கிளினிக்கிலேயே நடந்தது. விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், பதிவைப் போட்டார்கள். கதிரையில் பல்வலியோடு சிறுமி ஹன்னா சாய்ந்திருந்தாள். டிலக்ஷி குறட்டுடன் தயாராக நின்றார். ஆசிகள் முடிந்து, வாழ்த்துகள் முடிந்து, ரொறன்ரோ அன்பரின் ஒழுங்கை முடிந்து, ஸ்ரெல்லா ரீச்சரின் குரல் வந்தது. ஹன்னா நிமிர்ந்து வாயைத் திறந்தாள்.

"தலைவர் அவர்களே, பெரியோர்களே…"

'படார்' வராமலே பதிவு முடிந்தது. கைதட்டல் அடங்குமுன் தாய்மார் ரீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏற்புரை நல்லாயிருந்தது, ரீச்சர். எங்கடை தாய்மார் சங்கத்தின்ரை பேரைத்தான் விட்டிட்டியள்."

"அடுத்த பதிப்பிலை சேர்ப்பம்," என்றார் கனிசியஸ். பணிப்பாளர் அதை வரவேற்றுப் பேசத் தொடங்கினார். டிலக்ஷி தன் பேரும் விடுபட்டதைச் சொன்னார்.

ஹன்னா எல்லாரையும் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் அப்போது மூடியிருந்த வாய் அது ஒன்றுதான்.