முதலாளியைக் கதிரையோடு தூக்கிய கல்யாணம்

ஒரு சின்னப் பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் கல்யாணம் கட்டக் கூடாது. கட்டினாலும் அதற்கு முதலாளியைக் கூப்பிடக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

2011இல் பாரிஸில் ஒரு துணி மொத்தக் கடையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. முதலாளி மொசியே அல்பேர் யூதர். தலையில் எந்நேரமும் சின்ன வட்டத் தொப்பி இருக்கும். சனிக்கிழமை கடை பூட்டு. எனக்குப் பெண் கொடுக்க இருந்த மாமா, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். என் வேலை நிரந்தரம்தானா என்பதில் அவருக்குச் சந்தேகம். வேலை ஒப்பந்தத்தைக் காட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேப்பர் ஆரும் அடிக்கலாம் தம்பி. கலியாணத்துக்கு உம்மடை பத்ரோன் வருவாரோ?"

"ஓம் மாமா, முன்வரிசையிலை இருப்பார்" என்றேன். (முதலாளியைக் கேட்கவே இல்லை. அந்த வயதில் என் வாய் முதலில் போய்விடும், மூளை அடுத்த மெட்ரோவில் வரும்.)

மறுநாள் மொசியே அல்பேரிடம் அழைப்பிதழை நீட்டினேன். ஆளுக்கு அவ்வளவு சந்தோஷம். கோயிலில்தான் சடங்கு என்றதும் முகம் மாறியது.

"நகரசபைப் பதிவுக்குக் கூப்பிட்டிருந்தால் முதல் ஆளாக வந்திருப்பேன். கோயிலுக்குள் வர முடியாது. வேறு தெய்வத்தை வணங்கும் இடத்துக்குள் நாங்கள் போவதில்லை. கும்பிடாமல் சும்மா பார்த்துவிட்டு வருவதும் கூடாது. வெறுப்பு என்று நினைக்காதே. எங்கள் சட்டம் அப்படி."

பதிவு போன மாதமே முடிந்துவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும், தம் மதகுருவான ராபியிடம் கேட்டு வந்தார். வாசலையும் முற்றத்தையும் மிதிக்கக் கூடாதாம். தெருவின் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று என்னை வாழ்த்தலாமாம்.

இதை மாமாவிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால், உங்கள் பிள்ளையார் இருக்கிற இடத்துக்கு அவர் வரமாட்டார் என்று பெண் கொடுக்கிற மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

"அவருக்கு முழங்கால் வருத்தம் மாமா. படி ஏற ஏலாது. வெளியிலை நிப்பார்" என்றேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. தாலி கட்டி, அக்கினியைச் சுற்றி வந்தபோது திறந்த கதவு வழியே எதிர்ப்பக்கம் தெரிந்தது. மொசியே அல்பேர் கறுப்புக் கோட்டோடு நின்றார். அவருடைய சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது. கோயிலைப் பார்த்தபடி குனிந்தால் வணங்குவதாகத் தோன்றும், அதுவும் அவர்கள் சட்டத்தில் கூடாது. (இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.) ஆகவே மனிதர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிலத்தில் குந்தினார்.

வாசலில் நின்ற மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"பத்ரோன்ரை கால் மடங்கிப்போச்சுது. கதிரை ஒண்டு எடுங்கோ."

மச்சான்மார் மூன்று பேர் பிளாஸ்டிக் கதிரையோடு பாய்ந்தார்கள். நானும் ஓடினேன். என் சால்வையையும் மனைவியின் சேலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்ததால் அவளும் ஓடி வந்தாள். நாங்கள் தெருவுக்கு வந்தபோது முதலாளி ஆகாயத்தில் இருந்தார். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "நோன் மெசியூ, நோன்" என்று கெஞ்சினார். மாமா தம் சமையலறைப் பிரெஞ்சில் ஆறுதல் சொன்னபடி, தூக்கியவர்களைக் கோயிலை நோக்கி நடத்திக்கொண்டிருந்தார்.

நடுத்தெருவில் கையை விரித்து மறித்தேன்.

"இறக்குங்கோ மாமா. அவருக்கு முழங்காலிலை ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் விழுந்தவர்?"

"விழேல்லை. சப்பாத்து நாடா கட்டினவர்."

"குந்தி நாடா கட்டுறவருக்கு ஏன் படி ஏற ஏலாது?"

பின்னால் ஒரு பேருந்து ஒலி எழுப்பியது. வேறு வழியில்லை.

"அவையின்ரை சமயத்திலை மற்ற ஆக்களின்ரை கோயிலுக்குள்ளை போகக் கூடாது மாமா. உங்களிட்டைச் சொல்லப் பயந்து நான்தான் முழங்காலைச் சொன்னனான்."

அதையே முதலாளிக்கும் பிரெஞ்சில் சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து முதலாளியைப் பார்த்தார். மொசியே அல்பேர் கதிரையில் இருந்தபடியே கோட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"உண்மைதான் ஐயா. மன்னியுங்கள். உங்கள் மருமகன் எங்கள் கடைக்கு வேண்டியவன். அவனை வாழ்த்தத்தான் வந்தேன்."

கதிரை திரும்பி எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் இறங்கியது. தலைகுனிந்து நின்ற என்னிடம் மாமா சொன்னார்:

"இதை முதலிலேயே சொன்னால் என்ன தம்பி? வீட்டிலை பிறப்போ சாவோ நடந்து துடக்கு எண்டால் நாங்களும்தானே கோயிலுக்குப் போறேல்லை. இவர் கட்டுப்பாடான மனுசன். இப்பிடியான ஆளிட்டை வேலை செய்தால் நம்பி இருக்கலாம்."

அத்தோடு நிற்கவில்லை. ஒரு மச்சானை ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு கடைக்கு விரட்டினார்: "வாழைப்பழம் வாங்கி வா. சாமிக்கு வைச்சதிலை இருந்து எடுத்திடாதை."

தோல் உரிக்காத பழத்துக்கு அவர்கள் உணவுச் சட்டத்தில் தடை இல்லை. அதை மகிழ்ச்சியோடு வாங்கிய மொசியே அல்பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கள் கல்யாணத்திலும் கதிரையில் தூக்குவோம். விருந்தாளியை அல்ல, மாப்பிள்ளையை. அவனைச் சந்தோஷப்படுத்துவது எங்களுக்குக் கடமை."

மாமா அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே நான் மேலே போய்விட்டேன். தலைப்பாகை தெருவில் உருண்டது. கீழே முடிச்சை அவிழ்க்க முடியாமல் என் மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள். முதலாளி வாழைப்பழத்தோடு கைதட்டினார். அவமானத்தில் செத்துப்போக வேண்டிய நான், உண்மையைச் சொன்னால், மேலே நல்ல சந்தோஷமாகவே இருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையைத் தூக்காத கல்யாணமே இல்லை. போன வருடம் கடைசி மச்சானைத் தூக்கியபோது, இலங்கையின் வன்னியில் இருந்து புதிதாக வந்த உறவினர் ஒருவர், "இது என்ன சடங்கு?" என்று மாமாவிடம் கேட்டார்.

"எங்கடை பழைய வழக்கம்" என்றார் மாமா. "உங்கடை பக்கம் விட்டுப்போச்சுது போலை."

அவரும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு, கதிரைக் கால் ஒன்றைப் பிடிக்கப் போனார்.