மூன்றாவது திருத்தம்

"இந்த சாஃப்ட்வேரை யாரும்மா பாத்துக்கறாங்க?"

பேருந்து நிலைய மேலாளர் முன்பொரு நாள் கேட்டபோது, "எல்லாரும்தான் சார்" என்று கிளார்க்கான அவள் முணுமுணுத்தாள். அது இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். கெஞ்சிக் கூத்தாடி அதை நிலையத்தின் மின்னணு நேரப் பலகையில் ஏற்றியதே அவள்தான். அதற்குமுன் நேரங்களை மைக்கில் அறிவிப்பது அவள் வேலை. மைக்கைப் பிடித்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இன்று, எப்போதோ கிளம்பிப்போன பன்னிரண்டாம் எண் பேருந்து பலகையை விட்டு இறங்க மறுத்தது.

"அஞ்சு மணிக்குள்ள சரியாகலேன்னா மறுபடி மைக்தான்!" என்றார் மேலாளர்.

அவள் மென்பொருளின் இணையக் குழுவில் முறையிட்டாள். வருகிற திருத்தங்களைச் சரிபார்த்து எல்லா ஊருக்கும் அனுப்பிவைக்கும் பொறுப்பாளரின் பட்டப்பெயர் 'ஆந்தை'. உடனே பதில் வந்தது: "நானும் உங்கள மாதிரி ஒரு கிளார்க்தான். நீங்களே திருத்தி அனுப்புங்களேன்!"

அனுப்பினாள். பன்னிரண்டு போயிற்று. கூடவே மற்ற எல்லாப் பேருந்துகளும் போயின.

"என்னம்மா, என் வண்டியவே காணோம்?" ஓட்டுநர் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இருங்கண்ணே, இதோ!"

மறுபடி திருத்தினாள். வண்டிகள் திரும்பி வந்தன, நேற்றைய நேரத்தோடு. இப்போது இதே மென்பொருள் ஓடும் எங்கெங்கோ இருந்த நாற்பது நிலையங்களும் சேர்ந்து குழுவில் அலறின.

"பிரமாதம்! விடாதீங்க!" என்றது ஆந்தை.

நாலே முக்காலுக்கு மூன்றாவது திருத்தம். பலகை பளிச்சென்று சரியானது. நாற்பது ஊரிலிருந்தும் நன்றி வந்து கொட்டியது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆந்தை ஏதோ நீளமாக எழுதி, அடியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தானும் வைத்திருந்தது. பாராட்டுக் கடிதமாகத்தான் இருக்கும் என்று படிக்காமலே அமுக்கினாள்.

"மைக் ஒழிஞ்சுதுண்ணே! இனி ஜென்மத்துக்கும் இல்ல!"

ஓட்டுநர் உள்ளே வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை வாய்விட்டுப் படித்தார்.

"'மூணு திருத்தம் அனுப்பினவங்கதான் அடுத்த பொறுப்பாளர். என் தலையிலயும் இப்படித்தான் விழுந்துச்சு. வெள்ளிக்கிழமை தோறும் ஆன்லைன் மீட்டிங்ல நாப்பது நிலையத்துக்கும் நீங்கதான் மைக்ல பேசணும்...' ஏம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே?"

"ஐயோ, ஆந்தை சார்!" என்று அவள் அவசர அவசரமாகத் தட்டினாள்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ஆந்தை குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.