ரூடியின் கை

"ரூடி இருக்காருங்களா?" என்றது தொலைபேசியில் ஓர் ஆண்குரல்.

மார்லிஸ் கெட்டுனென் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வாரத்தில் இது ஐந்தாவது அழைப்பு. அவள் ஏரிக்கரை ஊரின் சாலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். குளிர்காலத்தில் எந்த வண்டி எந்தத் தெருவில் பனியை வழிக்க வேண்டும் என்று ஓட்டுநர்களை விரட்டுவாள். கோடையில், குழி விழுந்த சாலைகளைப் பற்றி ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொள்வாள். தொலைபேசி எண்ணை மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது. அந்த நாலு மாதமாக, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவளிடம் ரூடியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராங் நம்பர்ங்க" என்றாள்.

"இல்லீங்களே. தட்டுக்கு அடியில இந்த நம்பர்தான் இருக்கு. பெருசா ரூடின்னு எழுதியிருக்கு."

மறுபடியும் தட்டு. ஊர்ப் பூங்காவில் டிஸ்க் கால்ஃப் ஆடுகிறவர்களின் தட்டு. கையகலப் பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். பாதித் தட்டுகள் கூடைக்குப் போகாமல் காட்டுக்கும் ஏரிக்கும் போய்விடும். அதனால் ஆடுகிறவர்கள் அடியில் பேரும் எண்ணும் எழுதிவைப்பார்கள். கண்டெடுத்தவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. பேர் எழுதிய தட்டைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டவனோடு அந்த ஊரில் யாரும் சேர்ந்து ஆட மாட்டார்கள்.

முதல் மாதம் மார்லிஸ் எல்லோரிடமும் "ராங் நம்பர்" என்றாள். அவர்கள் தட்டைப் படம் பிடித்து ஆதாரமாக அனுப்பினார்கள். எண் என்னவோ அவளுடையதுதான்.

இரண்டாவது மாதம் "நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தட்டைத் தானமாகக் கொடுக்கும் பெரிய மனது ரூடிக்கு என்று பேச்சுப் பரவி, நன்றி சொல்வதற்கென்றே தனியாக அழைப்புகள் வந்தன. மூன்றாவது மாதம் "சாலை அலுவலகத்து வாசல்ல வச்சிட்டுப் போயிடுங்க" என்றாள். இப்போது அவள் மேசைக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் பதினாலு தட்டுகள் அடுக்கியிருந்தன. பாத்திரக்கடை எப்போது திறக்கிறாய் என்று மேலதிகாரி கேட்டுவிட்டுப் போனார்.

"இது எங்க கிடைச்சுதுன்னு நீங்க கேட்கவே இல்லையே" என்றார் தொலைபேசிக்காரர். "என் பேரு வெண்டெல் காங்கஸ். ஸ்கூல் பஸ் ஓட்டறேன். இங்க கிளப்புக்கு நான்தான் தலைவர். லுத்தரன் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால, பழைய ரயில் பாதை ஓரத்துல கிடந்துச்சு. பக்கத்துல இருக்கற கூடையிலேர்ந்து அது எவ்வளவு தூரம் தெரியுமா?"

"தெரியாதுங்க. ரூடி இல்லீங்க."



"இல்லையா?" என்றார் வெண்டெல், குரலைத் தாழ்த்தி. "எப்பத்திலேர்ந்து?"

"நான் இந்த நம்பர் வாங்கினதிலேர்ந்தே இல்ல. நாலு மாசம் ஆச்சு."

"கடவுளே" என்றார் வெண்டெல். "நம்பரைக் கூட விடாம வச்சிருக்கீங்க." மார்லிஸ் மறுப்பதற்குள், தொண்டையைச் செருமிக்கொண்டு வைத்துவிட்டார்.

மறுநாள் பகலில் அலுவலகக் கதவு திறந்தது. பெரிய மீசையும் சின்னக் கண்களுமாக ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். மறு கையில் துணி மூடிய தட்டம். அதற்குள் இருந்து பாஸ்டி என்னும் இறைச்சி அடைத்த சூடான ரொட்டியின் மணம் வந்தது.

"என் சம்சாரம் சுட்டுக் குடுத்தா" என்றார் வெண்டெல். "இந்த மாதிரி நேரத்துல அடுப்புப் பக்கம் போகத் தோணாது."

மார்லிஸ் எழுந்து நின்றாள். "மிஸ்டர் காங்கஸ், நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்கு ரூடியைத் தெரியவே தெரியாது."

அவர் மெல்லத் தலையாட்டினார். "முப்பது வருஷம் கூட இருந்தாலும் அப்படித்தாங்க. யாரையும் முழுசாத் தெரிஞ்சுக்க முடியாது."

"நான் அவர் பொண்டாட்டி இல்ல."

"காகிதத்துல எழுதிக்கிட்டாத்தானா?"

"நான் அவரைப் பார்த்ததே இல்லீங்க."

"நாங்களும்தான் பார்க்கல" என்றார் வெண்டெல். கண் கலங்கியிருந்தது. "அதைத்தான் தாங்க முடியல."

பைக்குள்ளிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து அவள் மேசைமேல் விரித்தார். பூங்கா, ஏரி, ஓடை, முன்பு கல் உடைத்தெடுத்த பழைய கல்வெட்டாங்குழி எல்லாம் அதில் இருந்தன. நெடுகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ரூடியின் தட்டு கிடைத்த இடம்.

"கிளப்புல இருக்கறதிலேயே பலசாலி எறிஞ்சா ஒரு தட்டு இவ்வளவு தூரம் போகும்" என்று விரலால் ஒரு சின்னக் கோடு போட்டார். "ரூடியோடது பாருங்க. இது ஓடைக்கு அந்தப் பக்கம். இது படகுக் கொட்டகைக்குக் கீழ. இது கல்வெட்டாங்குழியோட அந்தக் கரை, அரை மைலுக்கு மேல. முதல்ல காத்து இழுத்துட்டுப் போயிருக்கும்னு நினைச்சோம். ஒரு தட்டை இழுக்கலாம். இத்தனையையுமா இழுக்கும்? எங்க ஆளு ஒருத்தர் நில அளவைக்காரர். ராத்திரி பகலாக் கணக்குப் போட்டுட்டு, பென்சிலை வச்சிட்டு வெளிய போய் நின்னுட்டார்."

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் தூரம் தெரியும். இந்தச் சாலைகளில் பனி உருக எத்தனை அடிக்கு எத்தனை வண்டி உப்பு வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். பூங்காவிலிருந்து அந்தக் கடைசிப் புள்ளிவரை விரலால் அளந்து பார்த்தாள். ஒரு மனிதன், ஒரு கை, அரை மைல்.

"எப்படிப்பட்டவருங்க அவரு?" என்றார் வெண்டெல்.

இல்லை என்று இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வலு இல்லை. ஆபத்தில்லாததாக எதையாவது சொல்லிவைப்போம் என்று, "அதிகம் பேசமாட்டார்" என்றாள்.

வெண்டெல் அந்த வார்த்தையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமைக்குள் ஊரே ரூடியை நினைவுகூரத் தொடங்கிவிட்டது. தபால் நிலையத்தில் ஒருவர், ஆறடி நாலங்குலம், இடதுகைக்காரர் என்றார். பெட்ரோல் போடும் இடத்தில் இன்னொருவர், விடியற்காலை மூடுபனியில் தனியாக ஆடுவார், யாராவது வந்தால் காட்டுக்குள் போய்விடுவார் என்று சத்தியம் செய்தார். கடைக் கதவுகளில் எல்லாம் அறிவிப்பு: சனிக்கிழமை காலை, பூங்காவில், ரூடி நினைவு ஆட்டம். அவருடைய தட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து குடும்பத்தாரிடம் ஒப்படைக்கவும்.

குடும்பத்தார் என்றால் தான்தான் என்று மார்லிஸுக்குப் புரிந்தது. இதை இனிமேல் தொலைபேசியில் தீர்க்க முடியாது. சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை ஏரிமேல் ஒரு சுருக்கம் கூட இல்லை. மேப்பிள் மரங்கள் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தன. இருபது பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தாள். அறுபதுக்கு மேல் நின்றார்கள். நீளமான மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒவ்வொருவராக வந்து தட்டை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதை ரெண்டு வருஷமா வண்டியில வச்சிருந்தேன்" என்றார் ஒரு தடித்த மனிதர். விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து ஐந்து மணிநேரம் வண்டி ஓட்டி வந்தவர். "விடுமுறைக்கு வந்தப்ப கிடைச்சுது. கடைசி எண் அழிஞ்சுபோயிருந்துச்சு. போன வாரம்தான் தோணிச்சு, பூஜ்யத்திலேர்ந்து ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்ப்போமேன்னு. ஆறு பேர் திட்டினாங்க. ஏழாவதா நீங்க எடுத்தீங்க."

"ஒரு பிளாஸ்டிக் தட்டுக்காகவா?" என்றாள் மார்லிஸ்.

"பேரு எழுதியிருக்கேம்மா" என்றார் அவர், அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

ஒரு செவிலி, குளிர்ந்த ஓடையில் இடுப்பளவு இறங்கி எடுத்த தட்டைக் கொடுத்தாள். அப்பா இறந்தபின் அவருடைய பையில் கண்டதாக ஒருவன் ஒரு தட்டைக் கொண்டுவந்தான். "திருப்பிக் குடுக்கணும்னு துண்டுச்சீட்டு எழுதி ஒட்டி வச்சிருந்தார்" என்றான். மார்லிஸ் கொண்டுவந்த பதினாலையும் சேர்த்து மேசைமேல் நாற்பத்தொரு தட்டுகள் ஆயின. ஆரஞ்சு, நீலம், வெளிறிப்போன மஞ்சள். விளிம்பெல்லாம் கடிபட்டதுபோல் தேய்ந்து சிதைந்திருந்தன. பாறையில் மோதின வேகம் அப்படி என்று பேசிக்கொண்டார்கள்.

மார்லிஸ் பதினேழு வருடமாக இந்த ஊரார் போடும் சண்டைகளைத் தொலைபேசியில் கேட்டவள். பக்கத்து வீட்டுக்காரன் பனியை என் பக்கம் தள்ளிவிட்டான் என்று அழுத குரல்கள் இவை. அதே ஆட்கள், பார்த்திராத ஒருவனின் தட்டை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றிக் கொண்டுவந்து நிற்கிறார்கள். இவர்களை ஏமாற்றக் கூடாது. வெண்டெல் அவளைப் பேச அழைத்தபோது நேராக எழுந்து நின்றாள்.

"நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்" என்றாள். "ரூடி சாகல."

பின்வரிசையில் யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். "ஆமா, சாகல" என்றது ஒரு குரல்.

"அப்படி இல்லீங்க. நிஜமாவே அவர் சாகல."

"நிஜமாவே" என்றார்கள் பத்துப் பேர். செவிலி மூக்கை உறிஞ்சினாள்.

"அவர் எங்க இருக்கார்னுகூட எனக்குத் தெரியாது."

"நம்ம யாருக்கும் தெரியாதும்மா" என்றார் விஸ்கான்சின்காரர். கைதட்டல் எழுந்து ஏரியில் எதிரொலித்தது. அந்த ஊரில் நிகழ்ந்த இரங்கல் பேச்சுகளிலேயே அதுதான் சிறந்தது என்று வெண்டெல் அவள் காதில் சொன்னார்.

மார்லிஸ் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நாற்பத்தொரு பேர் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு பூங்காவிலிருந்த சின்னக் குன்றின் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். வெண்டெல் கையசைத்தார். எல்லாத் தட்டுகளும் ஒன்றாகக் கிளம்பின. சத்தமே இல்லை. வெயில் பட்டு நிறம் நிறமாக மிதந்து, கொஞ்ச நேரம் இறங்க மனமில்லாததுபோல் நின்று, பிறகு ஒவ்வொன்றாகப் புல்வெளியில் சாய்ந்தன. எவ்வளவு முயன்றும் ஒன்றுகூடக் கீழே தெரிந்த வேலியைத் தாண்டவில்லை. அத்தனை பேரும் வேலியைப் பார்த்தார்கள். பிறகு அதற்கப்பால் தூரத்தில் வெளுப்பாகத் தெரிந்த கல்வெட்டாங்குழியைப் பார்த்தார்கள். ஆயுளில் ஒருமுறையாவது அந்தக் கையைப் பார்த்திருக்கக் கூடாதா என்று மார்லிஸே நினைத்தாள்.

ஆட்கள் தட்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது, ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அறுபது வயதிருக்கும். கல்வெட்டாங்குழிக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஓலிவ் எக்லண்ட். ஊருக்குள் அதிகம் வராதவள். ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் எழுத்தாச்சே" என்றாள். "ஒரு பெட்டி நிறைய வாங்கி நான்தானே உட்கார்ந்து எழுதினேன். நம்பர் என்னோட பழைய நம்பர். இதெல்லாம் எப்படி இங்க வந்துச்சு?"

மார்லிஸ் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். நாலு மாதச் சுமை ஒரே மூச்சில் இறங்கியது. "அப்ப ரூடி உங்க வீட்டுக்காரரா?"

"எங்க வீட்டுலதான் இருக்கான்" என்றாள் ஓலிவ், குழப்பத்துடன். "தீவனக் கடையில நினைவு ஆட்டம்னு போட்டிருந்தாங்க. யாரைச் சொல்றாங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே. காலையில நல்லாச் சாப்பிட்டானே."

இதைக் கேட்டுவிட்ட வெண்டெலின் கையிலிருந்த தட்டு நழுவியது. பேச்சு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய், அறுபது பேரும் அப்படியே நின்றார்கள்.

"உயிரோட இருக்காரா?" என்றார் வெண்டெல்.

"இருக்கான்."

"இப்ப எங்க?"

"வண்டியிலதான். வெயில்னு ஜன்னலை இறக்கிவிட்டுட்டு வந்தேன்."

அறுபது தலைகளும் மரநிழலில் நின்ற பழைய பிக்கப் வண்டியின் பக்கம் திரும்பின. யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். விஸ்கான்சின்காரர் சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். வெண்டெல் மீசையைத் துடைத்துக்கொண்டு, தேவாலயத்தில் பேசுவதுபோல் பேசினார்.

"அம்மா, அவரைத் தொந்தரவு பண்ண மாட்டோம். பேச வேண்டாம். கையெழுத்துக்கூட வேண்டாம். எங்க எல்லாருக்காகவும் ஒரே ஒரு தடவை எறிஞ்சு காட்டச் சொல்லுவீங்களா?"

ஓலிவ் எக்லண்ட் மேசையைப் பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், தொப்பியைக் கையில் பிடித்து நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள்.

"நாய்க்கு எங்கங்க எறியத் தெரியும்?" என்றாள். "நீங்க எறிஞ்சீங்கன்னா வாயில கவ்விக்கிட்டு எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடுவான், திருப்பிக் கொண்டுவந்து குடுக்கறதுதான் அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் வரலை."