நூல் கோர்க்காத ஊசி

ஊசியை வைத்தே சோறு தின்கிறவன் நான். என்னிடம் வந்து ஊசி வைத்தியத்தைப் பற்றி அளந்துவிட்டால் கோபம் வருமா, வராதா?

வலது தோள்பட்டையில் வலி. கத்தரிக்கோலைத் தூக்கினால் கண்ணில் பூச்சி பறந்தது. வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. ஹோட்டல் சிப்பந்திகளுக்கான கோட்டுத் துணி மேஜைமேல் மலையாகக் கிடந்தது. மாத்திரை விழுங்கினேன், தைலம் தேய்த்தேன். வலி குடித்தனம் வந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"ஏங்க, தெருமுனையில அக்குபங்சர்காரர் வந்திருக்காராம். ஊசி குத்தினா வலி போயிடுமாம்" என்றாள் மனைவி.

"குத்தினா வலி வரும். எப்படிப் போகும்?"

"எதிர்வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி ஓடியே போச்சே?"

"அவங்க வாயைத் திறந்தா வலி மட்டுமா ஓடும்? தெருவே ஓடும். இதெல்லாம் ஊசிப்போன வைத்தியம்!"

"அப்ப துணியை நான் வெட்டட்டுமா? பார்த்துப் பார்த்துப் பழகிட்டேன்."

என் கத்தரிக்கோலை இவள் தொடுவதா? அதற்கு ஊசியே தேவலை. கிளம்பினேன், ஒரு சபதத்தோடு. அந்த ஆளின் முகமூடியைக் கிழித்துவிட்டுத்தான் வருவது. கிழிப்பது எனக்குக் கைவந்த கலை. தேவைப்பட்டால் தைத்தும் தருவேன்.

வைத்தியர் ஒல்லியாக, அவரே ஓர் ஊசிபோல இருந்தார். குப்புறப் படுக்கவைத்தார்.

"என்ன சார், ஊசியில காதே இல்லை?"

"காது எதுக்குங்க?"

"நூல் கோர்க்க! நூல் இல்லாத ஊசி எதைத் தைக்கும்?"

"உங்க வாயைத் தைக்கலாம்னு பார்த்தா, நூல் இல்லையே."

தோளில் குத்தினார். சரி. பிறகு காலுக்குப் போனார்.

"தோள் வலிக்குக் கால்ல குத்தறீங்களே! காலர் கிழிஞ்சா நான் பேன்ட்டுக்கா ஒட்டுப் போடறேன்?"

அவர் அதே காலில் இன்னொன்று குத்தினார்.

நாலைந்து தடவை போயிருப்பேன். ஒரு காலையில் பரண்மேல் இருந்த துணி மூட்டையை இழுத்து இறக்கினேன். இறக்கிய பிறகுதான் உறைத்தது. வலியைக் காணோம்!

தானாகப் போகிற வலி போயிருக்கும். அதற்கு ஊசியா பொறுப்பு? ஆனால் வீட்டில் அப்படிச் சொன்னால் எடுபடுமா? அளவு கொடுக்க வந்த அத்தனை பேரிடமும் அந்த ஆளைப் பித்தலாட்டக்காரன் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன். எனவே முனகலைத் தொடர்ந்தேன். "ஐயோ, தோளு! சொன்னேன்ல, எல்லாம் ஏமாத்து வேலை!"

"பாவம், உட்காருங்க" என்றாள் மனைவி. கத்தரிக்கோலை எடுத்தாள்.

தடுக்க வாயெடுத்தேன். தடுத்தால் நான் வெட்ட வேண்டும். வெட்டினால் குட்டு உடையும். வெட்டுகிறவன் வெட்டியாக உட்கார்ந்தேன். சொதப்பட்டும், தானாக என் காலடிக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.

கோட்டு வாங்க ஹோட்டல் மேனேஜர் வந்தார். ஒன்றைப் போட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"அட, இந்தத் தடவை அக்குள்ல பிடிக்கலையே! யாருங்க வெட்டினது?"

"நான்தாங்க" என்றாள்.

"இனிமே நீங்களே வெட்டுங்கம்மா."

எனக்கு உச்சந்தலையில் ஊசி இறங்கியது. அவர் படி இறங்கியதும் குதித்து எழுந்தேன்.

"கொடு அந்தக் கத்தரிக்கோலை! வலி போயிடுச்சு!"

"தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"போன வாரத்துலேர்ந்து இடது தோளைப் பிடிச்சுக்கிட்டுல்ல முனகறீங்க?"

கையைப் பார்த்தேன். அப்போதும் இடது தோளில்தான் இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வெட்ட விட்டிருப்பீங்களா?"

இப்போது கடையில் அவள் வெட்டுகிறாள். நான் இஸ்திரி போடுகிறேன். தோள் பிரமாதமாக வேலை செய்கிறது.